காலைல எட்டு மணி எனக்கு நடுச்சாமமுங்க

போன பங்குனில, எங்க ஊரு அம்மன் கோயில் நோம்பி (திருவிழா) அப்ப நடந்ததுங்க. முழு நைட் முடிச்சுப்போட்டு மில்லு வண்டில எறங்கி, தண்ணி வாத்துட்டு, ரெண்டு இட்லிய வாயில போட்டுட்டு எட்டரைக்குப் படுத்தனுங்க. ஜன்னல்ல பழைய போர்வைய ஆணியடிச்சுத் தொங்கவுட்டு ரூமை இருட்டாக்கி வெச்சிருக்கறேன், பத்து வருசமா அப்படித்தான். கண்ணு சொருகற நேரத்துக்கு "ஹலோ... ஹலோ... மைக் டெஸ்ட்டிங்... ஒன் டூ த்ரீ". எங்கூட்டு ஜன்னலுக்கு நேரா கரெண்டுக் கம்பத்துல கூம்புக் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிப்போட்டானுங்க. அதுக்கப்பறம் அம்மன் பாட்டு, நடுநடுவால தீர்த்தக் கொடம் எடுக்கறவங்க பேரு, நன்கொடை குடுத்தவங்க பேரு, அது முடிஞ்சா மறுபடி மொதல்ல இருந்து. நானும் ஐநூறு ரூவா குடுத்திருந்தனுங்களா, என்ற பேரே என்னைய நாலு தடவை எழுப்பியுட்டுச்சு.

சோமனூர், கருமத்தம்பட்டி, பல்லடம், அந்தப்பக்கட்டு பள்ளிபாளையம், குமாரபாளையம்னு எடுத்துக்கங்க, பாதி ஊட்டுல ஒருத்தராவது நைட் பாப்பாங்க. தறி ஓட்டறவங்க, மில்லுக்குப் போறவங்க, திருப்பூர்ல சாயப்பட்டறைக்குப் போறவங்க. இப்பத்திக்கு சரவணம்பட்டி ஐடி கம்பெனிக்குப் போற புள்ளைங்களும் சேந்தாச்சு. ஆனா சட்டத்துல ராத்திரின்னா ராத்திரி 10ல இருந்து காலைல 6 வரைக்குந்தான். 2000ல மத்திய அரசு போட்ட ஒலி மாசு விதில அப்படித்தான் இருக்குது. குடியிருக்கற பக்கம் பகல்ல 55 டெசிபல், ராத்திரி 45. அந்தப் பகல் 55ங்கறதாச்சும் நடந்தா எனக்கு ஒரு கொறையும் இல்லீங்க, எங்கூட்டு பேனே அதுக்குப் பக்கமா சத்தம் போடுது, அதுல நான் நல்லாவே தூங்குவேன்.

சட்டத்துல இன்னொண்ணும் இருக்குது, யாரும் படிக்கறதில்ல. பத்து மணிக்கு முன்னால எவ்ளோ வேண்ணாலும் வெச்சுக்கலாம்னுதான் எல்லாரும் நெனைக்கறாங்க. அது தப்புங்க. பொது எடத்துல ஸ்பீக்கர் கட்டுனா, அந்த எடத்தோட எல்லைல நின்னு பாத்தா அந்தப் பகுதியோட அளவுக்கு மேல 10 டெசிபல், இல்லீன்னா 75, ரெண்டுல எது கம்மியோ அதைத் தாண்டக்கூடாது. நம்ம தெருவுக்கு அப்ப பகல்ல 65தான் உச்சம். அன்னிக்கு ஜன்னலோரம் நின்னு போன்ல ஒரு ஆப்பைப் போட்டுப் பாத்தனுங்க, 88னு காட்டுச்சு. போன் ஆப்பை முழுசா நம்ப முடியாது, கோர்ட்டுல அதெல்லாம் செல்லாது, இருந்தாலும் இருவதுக்கு மேல வித்தியாசம்னா சும்மாவா? டெசிபல் கணக்கு மளிகைக்கடைக் கணக்கு மாதிரி இல்லீங்க. 10 ஏறுனா சத்தத்தோட சக்தி பத்து மடங்கு, 20 ஏறுனா நூறு மடங்கு. காதுக்கு அத்தனை மடங்கு தெரியாது, 10க்கு ரெண்டு பங்கு மாதிரிதான் கேக்கும், அதனாலதான் மைக்கு, ஸ்பீக்கர் கட்டற ரேடியோ செட்டுக்காரன் "கொஞ்சந்தானுங்கண்ணா ஏத்தியிருக்கறேன்"னு சொல்லும்போது நம்மளும் சரின்னுட்டு வந்தர்றோம்.

எங்கப்பா முப்பது வருசம் தறி ஓட்டுனவருங்க. தறிக்கொட்டாய்க்குள்ளார அதே ஆப்பைப் போட்டுப் பாத்தா 96, 97ன்னு ஆடுது. ஃபேக்டரில எட்டு மணி நேரத்துக்கு 90தான் உச்சம்னு விதி. அங்க யாரு யாரோட பேசுனாலும் உதட்டையும் கையையும் பாத்துத்தான் புரிஞ்சுக்கோணும். இப்ப அவருக்கு ரெண்டு காதும் மந்தம், நோம்பி ரேடியோ ஓடறது அவருக்கு ஒரு பொருட்டே இல்ல, "என்னடா கண்ணு, பாட்டே போடலையா இன்னிக்கு"ன்னு கேக்கறாரு. நான் சிரிச்சுப்போட்டு வெளிய வந்தேன், ஆனா சிரிப்பு வரலீங்க.

எந்திரிச்சு சட்டையப் போட்டுட்டு கோயிலுக்குப் போனேன். கமிட்டில பெரியவரு எனக்கு மாமன் முறை.

"மாமா, அந்தக் குழாயைக் கொஞ்சம் அக்கட்டால திருப்பச் சொல்லுங்க மாமா, முழு நைட் பாத்துட்டு வந்திருக்கறேன்."

"ஏன் மாப்ளே, வருசத்துக்கு ஒருக்கா நோம்பி. அம்மன் பாட்டு உனக்கு எடைஞ்சலாப் போச்சா?"

இதுக்கு என்னங்க பதில் சொல்றது? அம்மன் எடைஞ்சல்னு எவனாச்சும் சொல்வானா? இங்கதான் எல்லாரும் வாயை மூடிக்கிட்டு வந்தர்றோம். சென்னைல ஒரு சர்ச்சு சத்தத்துக்கு எதிரா பக்கத்துக் காலனிக்காரங்க போட்ட கேசுல, அடுத்தவங்க நிம்மதியக் கெடுத்துத்தான் கும்படோணும்னு எந்த மதமும் சொல்லலைன்னு சுப்ரீம் கோர்ட்டே 2000ல சொல்லிப்போட்டுது. எந்த சாமிக்கும் அதே நாயந்தான். ஆனா மாமன்கிட்ட போயி சுப்ரீம் கோர்ட்டைப் பேசுனா, நாளைக்கு அவரு பேத்தி சீர் விசேசத்துக்கு நான் போகோணுங்களே.

இன்னொண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. நோம்பிக்குக் கோயில் முன்னால கம்பம் நட்டு பதினஞ்சு நாளும் ராத்திரி தப்பட்டை அடிச்சு ஆடறாங்களே, அது எனக்கு ஒரு நாளும் எடைஞ்சலா இருந்ததில்ல. நானே லீவு நாள்ல போயி ஆடுவேன். தப்பட்டைக்காரருக்குக் கை வலிக்கும், தோலைக் காய்ச்சோணும், டீ குடிக்கோணும், ஆடறவனுக்கு மூச்சு வாங்கும். மனுசன் போடற சத்தம் மனுசன் ஓஞ்சா நின்னுரும். குழாய்க்கு எங்கீங்க ஓய்வு? பென் டிரைவைச் சொருகிப்போட்டு செட்டுக்காரன் வேப்பமரத்தடில படுத்துக்கறான், அது அதும்பாட்டுக்கு நாள் முச்சூடும் கத்துது.

100க்குப் போன் பண்ணுங்கறாங்க. எங்க ஊருப்பக்கம் ஒருத்தர் பண்ணுனாரு, ஒரு கல்யாண ஊட்டுல டிஜே போட்டு ராத்திரி பன்னண்டு தாண்டியும் நிறுத்தலைன்னு. ஜீப் வந்துச்சு, சத்தம் நின்னுச்சு, ஜீப் போச்சு, சத்தம் மறுபடியும் வந்துச்சு. ஆனா அரை மணி நேரத்துல யாரு போன் பண்ணுனாங்கன்னு தெருவுக்கே தெரிஞ்சுபோச்சு. அதுக்கப்பறம் அவரு ஊட்டு விசேசத்துக்கு அந்தப் பங்காளிங்க ஒருத்தரும் வரலீங்க. புகார் குடுத்தாத்தான் ஓடும்னு சட்டத்தை வெச்சா, ஒறம்பரைங்க நெறஞ்ச ஊருக்குள்ள அது எப்படிங்க ஓடும்? ஊர்ல முக்காவாசிப்பேரு ஒருத்தருக்கொருத்தரு மாமன், மச்சான், பங்காளி.

சத்தம்னா வெறும் தூக்கம் போற விசயம்னும் நெனைச்சுராதீங்க. 2005 ஜூலைல சுப்ரீம் கோர்ட்டு சத்தத்தைப் பத்திப் பெரிய தீர்ப்பு ஒண்ணு குடுத்துச்சு. அந்த கேசு எப்படி ஆரம்பிச்சுதுன்னு படிச்சா வயிறு கலங்கிப்போகும். 1998 ஜனவரில பேப்பர்ல வந்த சேதிங்க அது. 13 வயசுப் பொண்ணு, பலாத்காரத்துல கத்துன கத்து பக்கத்துல ஓடுன ஸ்பீக்கர் பாட்டுல யாருக்கும் கேக்கல, அன்னிக்கே அந்தப் பொண்ணு தீ வெச்சுக்கிட்டு போயிருச்சு. அதைப் படிச்சுட்டு ஒரு இன்ஜினியர் போட்ட மனுதான் அது.

இப்ப என்ற கதைக்கு வாரேன், இதைச் சொல்லாம மத்தவங்களக் கொறை சொன்னா எனக்கே தூக்கம் வராது. ரெண்டு வருசத்துக்கு முன்னால என்ற பொண்ணுக்கு சீர் வெச்சோம். ஊட்டு முன்னால பந்தல், நாலு பாக்ஸ் ஸ்பீக்கரு, ஸ்டேஷன்ல லெட்டர் குடுத்து பத்து மணி வரைக்கும்னு பர்மிஷனும் வாங்கியிருந்தேன். பர்மிஷன் பேப்பர்லயே கூம்புக் குழாய் கூடாது, பாக்ஸ்தான்னு இருந்துச்சு, அதைப் பெருமையா எல்லாத்துக்கும் காட்டுனேன். பத்தாச்சு, மச்சானுங்க ஆடறாங்க, "இன்னும் ஒரே பாட்டுங் மாமா"ன்னு சொல்லிச் சொல்லி பதினொண்ணரை. எதுத்த ஊட்டு அக்காவோட அம்மாவுக்கு நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரில இருந்து வந்து பத்து நாளுதான் ஆகியிருந்துச்சு, அது எனக்குத் தெரியும், நானே போயி பழம் குடுத்துட்டு வந்தவன். அந்த அக்கா ஒரு வார்த்தை சொல்லலீங்க. அடுத்த நாள் அவங்க பொடக்காலில பாத்திரம் வெளக்கிட்டு இருக்கறப்ப என்ற சம்சாரம் கேட்டிருக்கறா, "அம்மா எங்கீங்கக்கா காணோம்"னு. "நேத்து மத்தியானமே தங்கச்சி ஊட்டுல கொண்டி வுட்டுட்டு வந்தேன் கண்ணு, நீங்க விசேசம் வெச்சிருக்கறீங்களேன்னு"ன்னு சொன்னாங்களாம். நாலு பாக்ஸுக்கும் வாடகை குடுத்தவன் நான், ஊட்டை வுட்டுப் போனது அந்தக் கெழவி. போலீஸ்கிட்ட பர்மிஷன் கேட்டனே ஒழிய, எதுத்த ஊட்டுல கேக்கல.

அதனால நல்லவன் கெட்டவன் பேச்சே வேண்டாங்க. விசேசம் வெக்கறவன் அந்த நேரத்துல யாரா இருந்தாலும் காது அடைஞ்சுபோன ஆளுதான். அவனை நம்பி சட்டம் போடறது வீண். வால்யூமைத் திருகறவன் ஒருத்தன் இருக்கறானே, சட்டம் அவனைப் புடிக்கோணும். ரேடியோ செட்டுக்காரன், டிஜேக்காரன், இவனுங்களுக்கு லைசென்ஸுன்னு ஒண்ணு வெக்கட்டும். ஆம்ப்ளிபயர்லயே இந்த அளவுக்கு மேல போகாதுன்னு லிமிட்டர் வெச்சு சீல் பண்ணட்டும். பத்து மணிக்கு மேல ஓடுனா செட்டை எடுத்துட்டுப் போயி வெச்சுக்கட்டும், கமிட்டிக்காரர் மேல கேஸ் போடவே வேண்டாம். அப்ப செட்டுக்காரனே "அண்ணா, என்ற பொழப்பு போயிரும், நிறுத்திக்கலாங்"னு மைக்கைப் புடுங்கிருவான். மச்சானுக்கும் கோவம் வராது, பங்காளிக்கும் கோவம் வராது, அவன் மேல பழியப் போட்டுட்டு எல்லாரும் படுக்கப் போயிரலாம்.

இது நடக்காததில்லீங்க. எலெக்சன் டைம்ல பாருங்க, பத்து அடிச்சா எத்தனை பெரிய தலைவரா இருந்தாலும் மைக்கை ஆப் பண்ணிப்போட்டு வேன்ல நின்னு கையை மட்டும் ஆட்டிட்டுப் போறாரு. என்ற கொழுந்தியா சரவணம்பட்டில ஒரு அப்பார்ட்மெண்ட்ல குடியிருக்கறா, அங்க ட்ரில்லிங் வேலை காலைல ஒம்பதுல இருந்து சாயந்திரம் ஆறு வரைக்குந்தான், ஞாயித்துக்கெழமை கெடையாது. ஊட்டுக்காரங்கள யாரும் தட்டிக் கேக்கறதில்ல, கேட்டுல செக்யூரிட்டி ட்ரில்லிங் மிஷினோட வார ஆசாரியவே உள்ள வுடறதில்ல. அவ்ளோதான் விசயம். (மேல் ஊட்டுல சேர் இழுக்கற சத்தத்துக்கு அங்க நடக்கற சண்டை வேற, அதை நாம சிரிச்சுட்டு வுட்ரலாம்.)

போர் போடற வண்டி சத்தம் இருக்குதுங்களே, அது மட்டும் நான் வாயத் தொறக்க மாட்டேன். திருச்செங்கோட்டு ரிக்கு வந்து நிக்குதுன்னா கம்ப்ரசர் போடற சத்தத்துல ஊட்டுச் செவுரு அதிரும். வூடுங்க இருக்கற பக்கம் ராத்திரில அந்த மாதிரி மிஷினெல்லாம் ஓட்டக்கூடாதுன்னும் விதில இருக்குது. இருந்தாலும் ஆயரம் அடி போயும் புழுதியாவே வந்துட்டு இருக்கறப்ப, கடன் வாங்கிப் போர் போடற குடியானவன் சாளையோரம் துண்டைப் போத்திக்கிட்டு குத்த வெச்சு உக்காந்திருப்பான், அவன்கிட்டப் போயி மணி பத்தாச்சுன்னு எப்படிங்க சொல்றது? தெருவே எந்திரிச்சு வந்து ஈரம் வருதான்னு கல்லுப்பொடியத் தொட்டுத்தான் பாக்குது.

வள்ளி கும்மி பழகறதும் அப்படித்தான், இப்ப ஊரூருக்குப் பொழுதோட ஆரம்பிச்சு ஆடறாங்க, அந்தக் கும்மியச் சொல்லிக் குடுத்த பத்திரப்பன் ஐயாவுக்கு 2024ல பத்மஸ்ரீ வேற குடுத்தாங்க, என்ற சம்சாரமும் பொண்ணும் ஆடறாங்க. ஒம்பதரைக்கு நிறுத்திருவாங்க, நான் மில்லுக்குக் கெளம்பற நேரம், அதனால எனக்குக் கேக்க நல்லாத்தான் இருக்கும். பக்கத்தூட்டுல ப்ளஸ் டூ படிக்கற பையனைக் கேட்டா என்ன சொல்லுவானோ.

அன்னிக்கு மாமன்கிட்ட வேலைக்காவலைன்னு நேரா செட்டுக்காரப் பையன்கிட்டயே போயிட்டேன். இருவத்திரெண்டு வயசிருக்கும். டீ வாங்கிக் குடுத்தேன், அவனும் நைட்டெல்லாம் கரகாட்டத்துக்கு செட் ஓட்டிப்போட்டுத் தூக்கமில்லாமத்தான் இருந்தான். கம்பத்துல ஏறி குழாயைக் காட்டுப்பக்கம் திருப்பிக் கட்டுனான். அப்பறம் ஜன்னல்கிட்ட என்னைய நிக்க வெச்சு, போன்லயே "இப்ப எப்படிங்ணா, இப்ப"ன்னு கேட்டுக் கேட்டுக் கொறைச்சான். 63ன்னு காட்டுனப்ப சரின்னேன். கோயில்ல கும்பட வந்த ஒரு புள்ளகிட்ட ஸ்டிக்கர் பொட்டு ஒண்ணு வாங்கி ஆம்ப்ளிபயர்ல அந்த எடத்துல ஒட்டிப்போட்டான், செகப்புப் பொட்டு. "இதைத் தாண்ட மாட்டனுங்ணா"ன்னான். மிச்ச நாளு அத்தனையும் நான் தூங்குனேன். பாட்டு கேட்டுச்சு, தூரத்துல நோம்பி நடக்கற மாதிரி, நல்லாத்தான் இருந்துச்சு. மாமனுக்கு வித்தியாசமே தெரியலீங்க.

இந்த வருசம் செட்டுக்கு வேற ஆளப் பேசியிருக்கறாங்களாம், எட்டாயிரம் வாட்ஸுன்னு பேனர்லயே போட்டிருக்கறான். நாளைக்குப் போயிப் பாக்கோணும். மில்லு வண்டி ஆரன் அடிக்கறான், கெளம்பறேன். திட்டறவங்க தாராளமா கமெண்ட்ல திட்டுங்க, எந்திரிச்சுப் படிச்சுக்கறேன். மத்தியானம் மூணு மணிக்கு முன்னால மட்டும் யாரும் போன் பண்ணீராதீங்க சாமி.