8ஜே ரிம்முல 195 டயரை ஏத்தாதீங்க மக்கா!

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம்னு எந்தப் பக்கம் போய், "அண்ணே, 8ஜே ரிம்முக்கு என்ன டயர் போடலாம்?"னு கேட்டாலும் காதுல விழுற பதில் ஒண்ணுதான்: "195 இருக்கு தம்பி, ஏறும்." 8ஜேன்னா 8 இன்ச் அகலமுள்ள ரிம், 195-ன்னா டயரோட அகலம் மில்லிமீட்டர்ல. வயிறு எரியுது மக்கா. ஏறுறது வேற, பொருந்துறது வேற. டயர் ரப்பர், இழுத்தா வரத்தான் செய்யும். ரெண்டு ஓரத்துலயும் பீடு (ரிம்மைக் கவ்வுற டயர் விளிம்பு) போய் உக்காந்துட்டா வேலை முடிஞ்சுதுன்னு காசை வாங்கிட்டு அனுப்பி விட்டுடுறாங்க. அந்த டயர் குலசேகரம் தாண்டி பேச்சிப்பாறை வளைவுல என்ன பண்ணும்ங்கிற கவலை யாருக்கும் இல்ல.

முதல் தப்பு அளக்குறதுலயே நடக்குது. ரிம்முக்குக் குறுக்கே டேப்பை வச்சு வெளி விளிம்புல இருந்து வெளி விளிம்பு வரைக்கும் அளந்துட்டு, "9 இன்ச் வீலாக்கும்"னு நம்பிட்டுப் போறாங்க. அது 9ஜே இல்ல, 8ஜே. ரிம் அகலம்னா ரெண்டு பக்க விளிம்போட உட்புறத்துக்கு நடுவுல உள்ள அளவு. விளிம்புகளோட தடிமன் சேந்தா ஏறக்குறைய ஒரு இன்ச் கூடிரும். டேப்பே வேண்டாம். வீலைக் கழட்டித் திருப்பிப் போட்டு, ஸ்போக்குக்குப் பின்னாடி வார்ப்புல இருக்கிற எழுத்தைப் படிங்க. 17×8ஜே, ஈடி35ன்னு தெளிவா இருக்கும். 17 இன்ச் விட்டம், 8 இன்ச் அகலம்; ஈடியைப் பின்னாடி சொல்றேன்.

இனி கணக்கு. ஜே அளவை 25.4-ஆல பெருக்குங்க. 8ஜேன்னா 203 மில்லிமீட்டர். 195 டயர்ங்கிறது அதை அளக்குறதுக்குன்னு குறிச்சிருக்கிற ரிம்முல மாட்டும்போது சைடுவால் (டயரோட பக்கச் சுவர்) புடைப்பையும் சேத்தே 195 மில்லிமீட்டர்தான். அதாவது டயரோட மொத்த அகலத்தை விட ரிம்மோட உள்ளகலம் பெருசு! இதை யாராவது ஒரு நிமிஷம் யோசிச்சா "ஏறும்"னு வாயில வருமா?

ஒவ்வொரு டயர் சைஸுக்கும் எந்த ரிம்முல இருந்து எந்த ரிம் வரைக்கும்னு தயாரிப்பாளர் அட்டவணையில போட்டிருக்கு. 195/50 ஆர்15-ன்னா அகலம் 195, சைடுவால் உயரம் அதுல 50 சதவீதம், ரிம் விட்டம் 15 இன்ச்; அதுக்கு 5.5-ல இருந்து 7 இன்ச் ரிம் வரைக்கும். 205/50 ஆர்15-க்கு 5.5-ல இருந்து 7.5. எல்லா கடையிலயும் அடுக்கி வச்சிருக்கிற 205/55 ஆர்16 இருக்கே, அதுக்குக் கூட 7.5ஜே தான் எல்லை. 8ஜேக்கு 215/45 ஆர்17 போகும், ஆனா அது அதோட கடைசி எல்லை. 225/45 ஆர்17-தான் நிம்மதி, 7-ல இருந்து 8.5 வரைக்கும் தாங்கும். 9ஜே வாங்கிட்டீங்கன்னா 245/40 ஆர்17 பக்கம் போகணும், அது 8-ல இருந்து 9.5. இன்னொண்ணும் தெரிஞ்சுக்கங்க: 225/45 ஆர்17-ஐ 7.5ஜே ரிம்முல வச்சு அளந்துதான் 225-ன்னு எழுதுறாங்க. ரிம் அரை இன்ச் கூடினா டயர் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் விரியும். அதே டயர் 8.5ஜேல 235 ஆகிரும். ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேல இருக்கிற பாடித் தகடு) இடைவெளியை டயர்ல எழுதின நம்பரை வச்சுக் கணக்குப் போட்டவன் அங்கதான் மாட்டுவான்.

சின்ன டயரை இழுத்துப் போட்டா என்ன ஆகும்? சைடுவால் ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி சரிஞ்சு நிக்கும். வழக்கமா சைடுவால் புடைப்பு ரிம் விளிம்பை விட வெளிய நின்னு அடியை வாங்கிக்கும். இங்க விளிம்பு முன்னாடி நிக்குது, டயர் பின்னாடி ஒளிஞ்சிருக்கு. மழையில பேந்த ரோட்டுக் குழியில ஒரு தடவை இறங்கினாப் போதும், அலாய் நெளியும், இல்லன்னா வெடிப்பு விடும். பீடு சாய்வா உக்காந்திருக்கதால காத்து பைய கசியும். காத்து குறைஞ்ச நிலையில வேகமா ஒரு வளைவு எடுத்தா பக்கவாட்டு விசையில பீடு ரிம்மை விட்டு உள்ள கழண்டுரும். அது நடக்குற இடம் நீங்க பிரேக்கை நம்பி இருக்கிற இடம்!

இதைவிடக் கொடுமை ஏத்துற முறை. பீடு எட்டலன்னா டயருக்குள்ள பெட்ரோலை ஊத்திக் கொளுத்துறது! அந்தச் சூடும் அதிர்ச்சியும் உள் ரப்பரையும் பீடையும் என்ன செய்யும்னு கண்ணால பாக்கவும் முடியாது. டயர் சைடுவால்லயே எழுதியிருக்கும், பீடு உக்கார வைக்க 40 பிஎஸ்ஐ தாண்டாதேன்னு. சரியான சைஸ், சுத்தமான ரிம், பீடுல சோப்புப் பசை இருந்தா அதுக்குள்ளயே "டப், டப்"னு ரெண்டு சத்தத்துல உக்காரும். உக்காரலன்னா சைஸ் தப்பு. நெருப்பு வேண்டாம்.

எதிர்ப் பக்கமும் இதே கூத்துதான். 6ஜே ரிம்மு, 152 மில்லிமீட்டர். அதுல 215-ஐ ஏத்திட்டு "கிரிப் ஜாஸ்தி"ன்னு சொல்றாங்க. இல்லவே இல்ல. சைடுவால் பலூன் மாதிரி புடைக்கும், நடுவுல ட்ரெட் (ரோட்டுல படுற பகுதி) எழும்பி நிக்கும், நடுப்பகுதி மட்டும் சீக்கிரம் தேயும். ஸ்டீயரிங்கைத் திருப்பினா முதல்ல சைடுவால் சாயும், அப்புறம்தான் வண்டி திரும்பும். 6ஜேக்கு 185, 195-ன்னு நின்னாலே வண்டி ஒழுங்கா கேக்கும்.

நம்ம மாவட்டத்துக்கு ஜூன்லயும் மழை, அக்டோபர்லயும் மழை. எடையும் காத்தும் அப்படியே இருந்தா, அகல டயர் ரோட்டுல தொடுற பரப்பு பெருசா கூடாது. அகலமும் குட்டையுமா மாறும், அவ்வளவுதான். நடுவுல மாட்டின தண்ணி ஓரத்துக்குப் போக தூரம் கூடுது, அதனால முன்னாடியே மிதக்க ஆரம்பிக்கும். காத்தைக் குறைச்சா இன்னும் குறைஞ்ச வேகத்துலயே மிதக்கும். ஆழமில்லாத ட்ரெட் உள்ள ரேஸ் டிராக் டயரை வருஷம் முழுக்க ஓட்டுறவங்களைப் பாத்தா பயமா இருக்கு. எஸ்டேட் ரோட்டுல ரப்பர் இலை நனைஞ்சு கிடக்கும்போது அதுல கிரிப்பே இருக்காது.

ஆஃப்செட்டை, அதாவது ஈடி நம்பரை, யாரும் கேக்குறதே இல்ல. வீலோட நடுக்கோட்டுக்கும் அது வண்டியில ஒட்டுற முகத்துக்கும் உள்ள தூரம் அது, மில்லிமீட்டர்ல. கம்பெனி வீல் 6ஜே ஈடி45-ன்னு வச்சுக்கங்க. 8ஜே ஈடி35 போட்டா உள்பக்கம் 15 மில்லிமீட்டர், வெளிப்பக்கம் 35 மில்லிமீட்டர் கூடுது. 20 மில்லிமீட்டர் ஸ்பேசர் (வீலுக்குப் பின்னாடி வைக்கிற தட்டு) போடுறதும் ஈடியை 20 குறைக்கிறதும் ஒண்ணுதான், வீல் அவ்வளவும் வெளிய தள்ளும். பேரிங்குக்குச் சுமை கூடும், ரோட்டுப் பள்ளத் தடம் பிடிச்சு ஸ்டீயரிங் இழுக்கும். அதனால காசு குடுக்குறதுக்கு முன்னாடி, பழைய வீல் மாட்டியிருக்கும்போதே டயருக்கும் ஸ்ட்ரட்டுக்கும் (உள்பக்கம் நிக்கிற ஷாக் அப்சார்பர் தூண்) உள்ள இடைவெளியை அளங்க. கீழ் ஆர்முக்கு அடியில ஜாக் வச்சுத் தூக்கி, சஸ்பென்ஷன் அமுங்கின நிலையில ஃபெண்டர் இடைவெளியையும், ஸ்டீயரிங்கை ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சு லைனர் (ஃபெண்டருக்குள்ள இருக்கிற பிளாஸ்டிக் மறைப்பு) இடைவெளியையும் பாருங்க. புது டயர் போட்ட பிறகும் ஸ்ட்ரட் பக்கம் 5 மில்லிமீட்டராவது மிஞ்சணும்.

ரிம்மோட நடு ஓட்டையையும் விடாதீங்க. சுஸுகியோட சின்ன வண்டிகள் நிறையத்துக்கு 54.1 மில்லிமீட்டர், போலோவுக்கு 57.1. வெளிச்சந்தை அலாய் நிறைய 73.1-ல வரும், நடுவுல ரிங் போடாம முறுக்கினா 80 கிலோமீட்டர் வேகத்துல ஸ்டீயரிங் ஆடும், பேலன்சிங் எத்தனை தடவை பண்ணினாலும் போகாது. போலோவோட கம்பெனி போல்ட்டு உருண்டைத் தலை, வெளி அலாய் பெரும்பாலும் கூம்புக் குழி. மாத்தாம முறுக்கினா போல்ட்டு லூசாகும். உயிர் விஷயம் இது!

ஆத்திரம் எல்லாம் எங்க வந்து முட்டுதுன்னா, ரப்பர் பால் வெட்டுற ஊர்ல இருந்துட்டு சரியான சைஸ் டயர் ஒண்ணு கிடைக்க மாட்டேங்குது. 15×8 ரிம் அழகா இருக்குன்னு முதல்ல வாங்கிருவாங்க. அதுக்கு ஏத்த 225/45 ஆர்15-ஐத் தேடித் தேடி அலுத்து, கடைசியில 195/50-ல வந்து நிப்பாங்க. தலைகீழா பண்ணுங்க. டயர் கிடைக்குதான்னு முதல்ல பாருங்க, அப்புறம் ரிம். சின்ன வண்டிக்கு 15×7ஜேயும் 195/55-ம் போதும். 185/60 ஆர்15-ஓட விட்டம் 603, 195/55-ஓடது 595.5. ஸ்பீடாமீட்டரும் கெடாது. லோடு இன்டெக்ஸும் (டயர் தாங்குற எடையைக் குறிக்கிற எண்) 84-ல இருந்து 85 ஆகுது, சக்கரத்துக்கு 515 கிலோ. 195/50-ல அது 82, 475 கிலோதான். அபூர்வ சைஸ் கிடைச்சிட்டுதுன்னு துள்ளாதீங்க, சைடுவால்ல கடைசி நாலு எண்ணைப் பாருங்க. 2319-ன்னா 2019-ல 23-வது வாரம். விக்காத சைஸ்தான் கிடங்குல வருஷக்கணக்கா கிடக்கும்.

"ரிம் எத்தனை ஜே, ஈடி எவ்வளவு, என்ன வண்டி?" இந்த மூணையும் கேக்காம 195-ஐ எடுத்து உருட்டிட்டு வர்ற கடையில நிக்காதீங்க. ரிம் நாலையும் திருப்பி டிக்கியில ஏத்திட்டுக் கிளம்புங்க மக்கா.