‘கொரெக்’ என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள்

அக்கா மகன் புதுக்கோட்டையிலிருந்து போன் செய்தான். சிவில் டிப்ளமோ முடித்துவிட்டான், மொரீஷியஸில் சைட் சூபர்வைசர் வேலைக்கு ஏஜெண்ட் ஒருவர் ஆள் எடுக்கிறாராம், ‘கம்யூனிகேஷன் ஸ்கில்ஸ்’ கட்டாயம் வேண்டுமென்று போட்டிருக்கிறார்களாம். “ஸ்போக்கன் இங்கிலீஷ் கோர்ஸ்ல சேரட்டுமா மாமா?” என்றான். சேர்ந்துக்கோடா, கெட்டது ஒன்றும் இல்லை என்றேன். ஆனால் போனை வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. பதினோரு வருஷமாக இந்தத் தீவில் கம்பி, கான்கிரீட், ஆட்கள் என்று திரிகிறேன். அவனுக்குச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதிவிடுகிறேன், வேறு யாருக்காவது பயன்படலாம்.

முதலில் எங்கள் சைட்டின் கதையைச் சொல்ல வேண்டும். வரைபடத்தில் குறிப்புகள் பாதி பிரெஞ்சிலும் பாதி இங்கிலீஷிலும் இருக்கும். உள்ளூர் கொத்தனார்கள் பேசுவது கிரியோல், பிரெஞ்சிலிருந்து பிறந்த இந்த ஊர் மொழி. கம்பி கட்டுகிறவர்கள் பெரும்பாலும் பங்களாதேஷ் பையன்கள், அவர்களுக்கு வங்காளம், கொஞ்சம் இந்தி. நம்ம ஊர்ப் பசங்க ஏழெட்டுப் பேர், அவர்களுக்குத் தமிழைத் தவிர எதுவும் ஏறாது, என்னை அண்ணே என்பார்கள். பங்களாதேஷ்காரனுக்கு நான் ‘பாய்’, கிரியோல் பேசுகிறவருக்கு ‘செஃப்’, சமையல்காரர் இல்லை, தலைவர். நான் வந்த முதல் வாரம் ஒரு காலையில் ஒரு கொத்தனார் “நாளைக்கு தால்” என்றார், நான் மதியச் சாப்பாட்டைச் சொல்கிறார் என்று நினைத்தேன். இங்கே தால் என்றால் ஸ்லாப். பருப்பு இல்லை.

சில சொற்கள் நம்மைக் காப்பாற்றவும் செய்யும். நம்ம மேஸ்திரிகள் அரைக்கால் அங்குலத்தை ஒரு நூல் என்பார்கள் இல்லையா, வங்காளிப் பையன்கள் அதையே சுதா என்கிறார்கள், அதற்கும் அர்த்தம் நூல்தான். நாலு சுதா ராடு என்றால் 12 எம்எம். அதைக் கண்டுபிடித்த அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே!

ஆனால் என்னைக் கவிழ்த்தது ‘கொரெக்’ என்ற ஒரே சொல். காதில் விழும்போது நம்ம ‘கரெக்ட்’ மாதிரியே இருக்கும். கம்பி சரியா என்றால் கொரெக். கவர் பிளாக் (கம்பி பலகையைத் தொடாமல் இருக்க அடியில் வைக்கும் சின்னக் கட்டை) வைத்தாச்சா, கொரெக். எப்படி இருக்கே, அதற்கும் கொரெக். மூன்று நான்கு மாதத்தில் வங்காளிப் பையன்களும் பழகிக்கொண்டு அதையே சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். நானும் ‘சரிபார்த்துவிட்டார்கள்’ என்று டைரியில் டிக் போட்டுக்கொண்டிருந்தேன்.

அப்புறம் வந்தது காத்ர் போர்ன் என்ற ஊரில் ஒரு பால்கனி. நாலு மாடிக் கட்டடம், சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனி, கீழே தூண் கிடையாது. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கம்பி கட்டும் பையனிடம் “மெயின் ராடு ஊப்பர்” என்று சொன்னேன், சொல்லும்போதே கான்கிரீட் கலந்து அனுப்பும் ரெடிமிக்ஸ் பிளான்ட்டிலிருந்து போன், ஒரு காதில் அவர்கள், ஒரு காதில் இவன். அவன் ஏதோ கேட்க வாயெடுத்தான். நான் கையை அசைத்தேன். “கொரெக் பாய்” என்றான். நான் கிளம்பிவிட்டேன்.

மறுநாள் காலை ஆறரைக்குக் கான்கிரீட் பம்ப் வந்து நிற்கிறது. எங்கள் என்ஜினீயர் குனிந்து டேப்பை உள்ளே விட்டுப் பார்த்தார், நிமிர்ந்து என்னைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. நானும் குனிந்தேன். 12 எம்எம் ராடு, 150 இடைவெளி, கட்டுக் கம்பி ஒரே சீராக முறுக்கி, அடியில் வரிசையாக 25 எம்எம் கவர் பிளாக், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல அழகு. எல்லாம் கீழே. மேலே ஒன்றுமே இல்லை. அப்படியே கான்கிரீட் போட்டு ஷட்டரிங்கைப் பிரித்திருந்தால் பலகையோடு பால்கனியும் சேர்ந்து வந்திருக்கும்.

பையனை எல்லார் முன்னாலும் கிழித்துத் தொங்கவிட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டே மாடியைக் கை காட்டினான். அப்போதுதான் உறைத்தது. ஊப்பர் என்றால் மேலே, மாடியும் மேலேதான். மேல் தளத்தில் நான் சொன்னபடியே மெயின் ராடை எடுத்துவைத்து வேலையை ஆரம்பித்திருந்தான், இந்தத் தளத்துக்கு வழக்கமான ஸ்லாப் மாதிரி அடியில் கட்டிவிட்டான். முதல் நாள் அவன் கேட்க வந்ததும் எந்தத் தளம் என்றுதான். மூன்று மணி நேரம் போயிற்று. நல்ல வேளை, கான்கிரீட் லாரி பிளான்ட்டை விட்டுக் கிளம்பவில்லை.

எங்களிடம் ஒரு வயதான கொத்தனார் இருந்தார், எல்லாரும் அவரைத் தோந்தோன் என்போம், இங்கே பெரியவர்களை மாமா மாதிரி அப்படித்தான் கூப்பிடுவது. பூர்வீகம் தமிழ்தான், காவடி எடுப்பார், ஆனால் தமிழில் சாமி பேரைத் தாண்டிப் பத்து வார்த்தை வராது. டீ குடிக்கும்போது அவர்தான் சொன்னார்: “கொரெக் என்றால் சரிபார்த்தேன் என்று அர்த்தமில்லை செஃப். சரி விடு, பிரச்சினை வேண்டாம், அவ்வளவுதான். புரிந்ததா என்று கேட்டால் எவன் இல்லை என்பான்? காட்டு என்று கேளுங்கள்.” கிரியோலில் “மொந்த்ரே ம்வா”, எனக்குக் காட்டு.

அன்றைக்கு மதியம் நீட்டு ரொட்டி ஒன்றை வாங்கிவந்து ஒரு முனையை மேஜையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுமுனையை அந்தப் பையனை விட்டு அமுக்கச் சொன்னேன். மேல்தோல்தான் பிளந்தது. கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும், இழுத்தால் அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பலம்தான், அதனால் எங்கே பிளக்குமோ அங்கே கம்பி வேண்டும் என்பதை மொழியே இல்லாமல் அவன் புரிந்துகொண்டான். பிளந்த இடத்தில் ஒரு கட்டுக் கம்பியைச் செருகிக் காட்டியதும் அவன்தான். அதற்கப்புறம் கட்டிய பால்கனி எதிலும் நான் ‘ஊப்பர்’ சொன்னதில்லை, மேல் கம்பியைத் தூக்கிப் பிடிக்க நாற்காலி மாதிரி வளைத்த ‘சேர்’ கம்பியை அவனே கையில் வைத்துக்கொண்டு நிற்பான்.

இப்போது டூல்பாக்ஸ் டாக் என்று தினமும் காலையில் வேலைக்கு முன்னால் பத்து நிமிஷம் பாதுகாப்புப் பேச்சு நடக்கிறதே, அதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நாற்பது பேர் நிற்பார்கள், சேஃப்டி ஆபீசர் இங்கிலீஷில் வாசிப்பார், எல்லாரும் கையெழுத்துப் போடுவார்கள், கலைந்துவிடுவார்கள். பேப்பருக்கு நல்லது. ஆளுக்கு? நான் இப்போது ஒருத்தனை முன்னால் கூப்பிட்டு பெல்ட்டை மாட்டி எங்கே கொக்கி போடுவாய் என்று காட்டச் சொல்கிறேன். தப்பாகக் காட்டினால் சிரிக்கக் கூடாது, திட்டவும் கூடாது. இது எனக்குக் கஷ்டமான பாடம், என் வாய் அப்படி. ஆனால் புரியவில்லை என்று சொன்னவனை ஒரு தடவை திட்டிப் பாருங்கள், அடுத்த ஆறு மாசத்துக்கு அந்த சைட்டில் எல்லாருக்கும் எல்லாம் புரிந்துவிடும்.

புயல் காலத்தில் இது இன்னும் மோசம். ரேடியோவில் புயல் எச்சரிக்கையை கிளாஸ் 1, கிளாஸ் 2 என்று பிரெஞ்சிலும் கிரியோலிலும் சொல்வார்கள், 4 வரை போகும், புதிதாக வந்த பையனுக்கு அந்த நம்பரே என்னவென்று தெரியாது. 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்து தலைநகர் போர்ட் லூயிஸ் தெருவில் கார்கள் மிதந்ததைப் பார்த்த பிறகு நான் விரல் கணக்கு வைத்திருக்கிறேன். ஒரு விரல் காட்டினால் தகரம், பலகையெல்லாம் எங்கே கிடக்கிறதென்று பார், இரண்டு விரல் என்றால் எல்லாவற்றையும் கட்டு, மூன்று என்றால் கையிலிருப்பதை வைத்துவிட்டு டார்மிட்டரிக்குப் போ.

மேலிடத்துக்குப் பேசுவது தனிக் கலை. “சார், சின்னப் பிரச்சினை” என்று மெசேஜ் போட்டால் அவர் சாயங்காலம்தான் பார்ப்பார். எந்தத் தளம், எந்தத் தூண், வரைபடத்தில் என்ன, இங்கே என்ன, எத்தனை மணிக்குள் பதில் வேண்டும், கூடவே டேப் வைத்து எடுத்த ஒரு போட்டோ, அவ்வளவு போதும். குட்மார்னிங் படமெல்லாம் வேண்டாம்.

1730களில் பிரெஞ்சுக்காரர்கள் பாண்டிச்சேரியிலிருந்து நம் கொத்தனார்களையும் தச்சர்களையும் கொண்டுவந்துதான் போர்ட் லூயிஸை எழுப்பினார்கள். அவர்களை வேலை வாங்கியவர் எந்த மொழியில் சொன்னாரோ, அவர்கள் எதற்குத் தலையாட்டினார்களோ. நம் தலையாட்டலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், ஆமாமா இல்லையா என்று இன்றைக்கும் என் என்ஜினீயர் கேட்கிறார்.

போன வாரம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். புதிதாக வந்த கன்சல்டன்ட் லிஃப்ட் குழிப் பக்கம் நின்று வேகமாக பிரெஞ்சில் ஏதோ சொன்னார். எனக்கு மூன்றில் ஒரு பங்கு புரிந்தது. வாயிலிருந்து தானாக வந்தது, “கொரெக்.” பின்னால் அந்தப் பால்கனிப் பையன் நின்றுகொண்டிருந்தான், இப்போது அவனுக்குக் கீழே ஆறு பேர். ஒன்றும் சொல்லவில்லை, கையிலிருந்த வரைபடத்தை மட்டும் என் பக்கம் நீட்டினான். படியில் இறங்கி ஓடி, அவர் காரைக் கிளப்புவதற்குள் பிடித்து, பானெட் மேல் விரித்து மறுபடி கேட்டேன். குழிச் சுவரின் கம்பி புது ரிவிஷனில் 12 இல்லையாம், 16ஆம்.