நாற்பது நாளில் துறவி ஆவது எப்படி?

கத்தோலிக்க மடங்களை வைத்து வந்த ரியாலிட்டி ஷோக்களுக்கெல்லாம் அச்சு ஒன்றுதான். நாலைந்து பேரைப் பிடி, மடத்துக்குள் விடு, போனை வாங்கி வை, கேமராவை ஓடவிடு. 2005-ல் பிபிசி டூ இங்கிலாந்தின் வொர்த் மடத்தில் ஐந்து ஆண்களை நாற்பது நாள் தங்கவைத்து ‘தி மொனாஸ்டரி’ எடுத்தது. அடுத்த ஆண்டே அருண்டேலில் இருக்கும் ஏழை கிளாரா மடத்துக்கு நான்கு பெண்களை அனுப்பினார்கள். அதே 2006-ல் அமெரிக்காவின் டிஎல்சி சேனல் ஆண்களை நியூ மெக்சிகோ பாலைவன மடத்துக்கும் பெண்களை அயோவா மாநில மடத்துக்கும் அனுப்பியது. பிறகு 2014-ல் லைஃப்டைமின் ‘தி சிஸ்டர்ஹுட்’, 2016-ல் ஸ்பெயின், 2017-ல் பிரிட்டனின் சேனல் ஃபைவ், 2021-ல் இத்தாலி.

இவை மதத்தைக் கிண்டல் செய்கின்றன என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கோபம் இல்லை. பெரும்பாலும் மரியாதையாகத்தான் எடுத்திருக்கிறார்கள். என் சண்டை நாள் கணக்கோடு.

ஆறாம் நூற்றாண்டில் துறவி ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) மடங்களுக்காக எழுதிய ஒழுங்குநூலின் முதல் அதிகாரமே துறவிகளை நான்கு வகையாகப் பிரிக்கிறது. அதில் கடைசி வகை, மடம் மடமாகச் சுற்றி ஒவ்வொன்றிலும் மூன்று நாள், நான்கு நாள் விருந்தாளியாகத் தங்கிப் போகிறவர்கள். இருப்பதிலேயே மோசமான வகை அதுதான் என்கிறார். ஆனால் அதே நூலின் 53-ஆம் அதிகாரம், வரும் விருந்தாளியைக் கிறிஸ்துவாகவே நினைத்து வரவேற்கச் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். நாற்பது நாள் தங்குகிறவர் மடத்தின் கணக்கில் விருந்தாளி. அவரிடம் துறவிகள் காட்டும் பொறுமையும் சிரிப்பும் விருந்தாளிக்குரிய உபசாரம். கேமராவில் பதிவாவது விருந்தினர் இல்லத்தின் முகம். இருபது வருடமாகப் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் நின்று திருப்பாடல் பாடுகிற இரண்டு பேர், ஒருவர் தொண்டையைச் செருமும் விதத்தை இன்னொருவர் சகித்துக்கொள்வது எப்படி என்பது அதில் வராது.

உண்மையான கால அளவு என்ன? திருச்சபைச் சட்டப்படி நவதுறவு, அதாவது தொடக்கப் பயிற்சிக் காலம் மட்டும் குறைந்தது பன்னிரண்டு மாதம். அந்த ஆண்டில் மொத்தம் மூன்று மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் நவதுறவே செல்லாது. பதினைந்து நாளைத் தாண்டினால் அந்த நாட்களை ஈடுகட்ட வேண்டும். அதன்பின் தற்காலிக வார்த்தைப்பாடு (துறவு உறுதிமொழி), குறைந்தது மூன்று ஆண்டு. வெளியே வராமல் உள்ளேயே வாழும் அடைபட்ட மடத்துக் கன்னியர் என்றால் 2018-ல் வத்திக்கான் வெளியிட்ட ‘கோர் ஓரான்ஸ்’ நெறிமுறை இன்னும் நீளம். நுழைவுநிலை ஓராண்டு, முன்நவதுறவு ஓராண்டு, நவதுறவு இரண்டாண்டு, தற்காலிக வார்த்தைப்பாடு ஐந்தாண்டு. ஆக ஒன்பது ஆண்டுக்குக் குறையக்கூடாது, பன்னிரண்டைத் தாண்டக்கூடாது. இதை ஆறு எபிசோடுக்குள் அடைத்தால் என்ன மிஞ்சும்? மேக்கப் பெட்டியை ஒப்படைக்கும் காட்சியும் ஓர் அழுகையும் மிஞ்சும்.

இந்த ஷோக்கள் அடியோடு விடுகிற விஷயம் ஒன்று இருக்கிறது: மடம் ‘வேண்டாம்’ என்று சொல்லலாம். டிவியில் கேள்வி எப்போதும் ஒரே பக்கம்தான். ‘இவள் சேருவாளா, காதலனிடம் திரும்பிப் போவாளா?’ நடைமுறையில் இரண்டு தரப்பும் ஒன்றையொன்று சோதிக்கின்றன. ஒழுங்குநூலின் 58-ஆம் அதிகாரத்தில், சேர வருகிறவரை உடனே உள்ளே விடக்கூடாது. நாலைந்து நாள் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். பிறகு இரண்டு மாதம் கழித்து முழு ஒழுங்கையும் வாசித்துக் காட்டி, ‘இதுதான் சட்டம், முடிந்தால் உள்ளே வா, முடியாவிட்டால் தாராளமாகப் போ’ என்று சொல்ல வேண்டும். ஆறு மாதம் கழித்து மறுபடி. இன்னும் நான்கு மாதம் கழித்து மறுபடி. வார்த்தைப்பாடு கொடுத்த அன்று கழற்றிய சொந்த உடையைக்கூடத் துணியறையில் பத்திரமாக வைக்கச் சொல்கிறார் ஆசீர்வாதப்பர், என்றைக்காவது சேர்ந்தவர் வெளியேறினால் கொடுத்தனுப்புவதற்கு. இன்றும் பல மடங்களில் ஒருவரைச் சேர்ப்பது பற்றி வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள் கூடி ரகசிய வாக்கெடுப்பு நடத்துகிறார்கள். பிக் பாஸ் பார்த்துப் பழகிய நமக்கு வீட்டிலிருந்து வெளியேற்றுவதுதான் நாடகம். மடத்தில் உள்ளே எடுப்பதுதான் கஷ்டம். அந்த வாக்கெடுப்பு அறைக்குள் எந்தக் கேமராவும் போனதாக நான் பார்க்கவில்லை, போகவும் கூடாது.

விடிகாலைச் செபத்துக்குத் தாமதமாக வருகிறவர் இந்த வகை ஷோக்களுக்குக் கிடைத்த வரம். பதற்றமான பின்னணி இசை, மடத்து அதிபரின் முகம், அடுத்து விளம்பர இடைவேளை. ஆனால் தூக்கக் கலக்கம் மடத்துக்குப் புது விஷயமே இல்லை. ஒழுங்குநூலின் 43-ஆம் அதிகாரத்தில் அதற்கு ஏற்பாடு எழுதியே வைத்திருக்கிறது. தொடக்கத் திருப்பாடலை (நம் விவிலியத்தில் 95) வேண்டுமென்றே இழுத்து இழுத்துப் பாட வேண்டும், பின்தங்கியவர்கள் வந்து சேருவதற்காக. அதன் முடிவில் ‘தந்தைக்கும் மகனுக்கும்’ என்ற புகழ்ச்செபம் ஆரம்பித்த பிறகு நுழைகிறவர் தன் இடத்துக்குப் போகாமல் எல்லாரும் பார்க்கக் கடைசியில் நிற்க வேண்டும். வெளியிலேயே நிற்கவைத்தால் என்ன? திரும்பப் போய்ப் படுத்துவிடுவான், அல்லது வாசலில் உட்கார்ந்து கதையளப்பான். அதனால் உள்ளேதான் நிற்க வேண்டும் என்கிறார். மனிதனை இவ்வளவு தெரிந்து எழுதியவரின் மடத்தில், தாமதம் ஒரு ‘மோதல்’ ஆவது எடிட்டிங் டேபிளில்தான்.

இன்னொரு பிரச்சினை, கேமராவுக்கு அகப்படாத விரோதி. நான்காம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்தில் வாழ்ந்த துறவி எவாக்ரியுஸ் அதை ‘நண்பகல் பேய்’ என்று வர்ணித்தார். காலை பத்து மணி வாக்கில் பிடிக்கும். சூரியன் நகரவே மாட்டேன் என்கிறது, பகல் ஐம்பது மணி நேரம் நீள்கிறது. துறவி சன்னலைப் பார்க்கிறான், வெளியே வந்து சாப்பாட்டு வேளைக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று அளக்கிறான், யாராவது வருகிறார்களா என்று எட்டிப்பார்க்கிறான். இந்தச் சலிப்புதான் துறவு வாழ்க்கையின் நிஜமான போர்க்களம். போன் இல்லாத தவிப்பு இரண்டு வாரத்தில் அடங்கிவிடும். சலிப்பு புதுமை தீர்ந்த பிறகுதான் ஆரம்பிக்கும், அதாவது படப்பிடிப்புக் குழு மூட்டை கட்டிய பிறகு. அப்படியே முன்னதாக வந்தாலும் டிவியில் ஓடாது. ஒன்றுமே நடக்காததை எத்தனை நிமிடம் காட்ட முடியும்?

இரவு மௌனத்துக்கும் இதே கதிதான். இரவுச் செபம் முடிந்தபின் யாரும் பேசக்கூடாது என்பது ஒழுங்குநூலின் 42-ஆம் அதிகாரம். ரியாலிட்டி ஷோவுக்கோ அன்றைய நாளை நினைத்து ஒருவர் தனியாகக் கேமரா முன் மனம் திறக்கும் துண்டுகள்தான் சோறு. மௌனத்தை அனுபவிக்க வந்தவர், மௌனம் எப்படி இருந்தது என்று தினமும் பேசிக்கொண்டே இருக்கிறார்.

காசு விஷயம் இன்னும் மோசம். அமெரிக்காவில் மடத்தில் சேர நினைக்கும் பல இளைஞர்களுக்கு முதல் தடை காதலோ ஃபேஷனோ இல்லை, கல்லூரிக் கடன். கடனை அடைக்காமல் பெரும்பாலான சபைகள் சேர்க்காது. முதல் வார்த்தைப்பாட்டுக்கு முன் சொத்து நிர்வாகத்தை வேறொருவரிடம் ஒப்படைக்க வேண்டும். நித்திய வார்த்தைப்பாட்டுக்கு முன் உயில் எழுத வேண்டும். மடமும் உழைத்துத்தான் சாப்பிடுகிறது. டிஎல்சி தொடரில் பெண்கள் போன அயோவா மாநில டிராப்பிஸ்ட் சபைக் கன்னியர் மடம் கேரமல் மிட்டாய் செய்து விற்று வாழ்கிறது. வொர்த் மடத்தோடு ஒரு பள்ளிக்கூடமும் இருக்கிறது. கொதிக்கும் பாகும் மாணவர் சேர்க்கையும் கண்ணீருக்கு ஈடாகாது என்று தயாரிப்பாளர்கள் முடிவு செய்துவிட்டார்கள்.

‘தி சிஸ்டர்ஹுட்’ பெண்கள் தங்கியது அடைபட்ட மடத்திலும் அல்ல. முதியோரைப் பராமரிப்பது போன்ற வேலைகளுக்காகவே இருக்கிற சபைகள் அவை. நம் ஊர்ப் பள்ளியிலும் ஆஸ்பத்திரியிலும் பார்க்கிற சிஸ்டர்கள் இந்த வகைதான். கம்பிக்குப் பின்னால் இருக்கும் கார்மேல் கன்னியரின் நாள் வேறு, வார்டில் நைட் டியூட்டி பார்க்கும் சிஸ்டரின் நாள் வேறு. சுருக்கமாக இதைச் சொல்லக்கூட டிவிக்குப் பொறுமை இல்லை.

வொர்த் தொடரை மட்டும் நான் ஓரளவு ஒப்புக்கொள்வேன். பரிசு இல்லை, வெளியேற்றம் இல்லை. அப்போதைய அதிபர் கிறிஸ்டோபர் ஜேமிசனும் துறவிகளும் வந்தவர்களோடு உட்கார்ந்து நிஜமாகவே பேசினார்கள். பங்கேற்றவர்களைத் துறவிகளாக்குவதாக யாரும் பாவனை செய்யவில்லை. சேனல் ஃபைவ் பார்ட்டிப் பெண்களை நார்ஃபோக் கன்னியர் மடத்துக்கு அனுப்பிய தொடரில் அந்த சிஸ்டர்களின் நிதானம் பிடித்தது. ஆனால் அது அந்தப் பெண்களைத் திருத்துகிற கதை. மடத்தைச் சீர்திருத்தப் பள்ளியாக்கிவிட்டார்கள்.

கேமராவே கூடாது என்பவனல்ல நான். சேனல்களுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். நுழைவுநிலையில் சேரும் ஒரே ஒரு பெண்ணை, அவளும் மடமும் சம்மதித்தால், ஆண்டுக்கு நான்கு நாள் மட்டும் படமெடுங்கள். ஒன்பது ஆண்டில் மொத்தம் முப்பத்தாறு படப்பிடிப்பு நாள். இப்போது செலவழிக்கும் நாற்பதை விடக் குறைவு. விளக்கு வேண்டாம், தனிப் பேட்டி வேண்டாம். மூன்றாம் ஆண்டில் அவளே கிளம்பிவிட்டாலும், ஐந்தாம் ஆண்டில் மடம் அனுப்பிவிட்டாலும், அதுவரை எடுத்ததை அப்படியே ஒளிபரப்புங்கள்.