பதினெட்டு வயது, ஆண், ஸ்காபரோ: என் மகன் செய்த குற்றங்கள்

என் மகன் இதுவரை யாரையும் இடித்ததில்லை. வேகமாக ஓட்டியதற்கு ஒரு தண்டச்சீட்டுக்கூட அவன் பெயரில் இல்லை. ஆனாலும் எங்கள் 2012ஆம் ஆண்டுக் கொரோலாவை அவன் பிரதான சாரதியாக ஓட்டுவதானால் ஓராண்டுக்குக் கட்டவேண்டிய காப்புறுதிப் பணம், அந்தக் காரை இன்று விற்றால் கிடைக்கக்கூடிய விலையை ஏறக்குறைய எட்டிவிடுகிறது. இதைக் கேட்டு வயிறெரியாத பெற்றோர், கனடாவின் ரொறன்ரோ நகரில் நாங்கள் குடியிருக்கும் ஸ்காபரோவில் இருந்தால், அவர்கள் வீட்டில் பதின்ம வயதுப் பிள்ளை இல்லை என்றுதான் நினைக்கவேண்டும்.

காப்புறுதி முகவர் நல்ல மனிதர். கணினித் திரையை என் பக்கம் திருப்பியே வைத்திருந்தார். வீட்டு முகவரியில் எங்கள் அஞ்சல் குறியீட்டை எடுத்துவிட்டு, கிங்ஸ்ரனில் இருக்கும் என் மைத்துனரின் குறியீட்டைப் போட்டுப் பாருங்கள் என்றேன். தொகை சடாரென்று இறங்கியது. பழையபடி எங்கள் குறியீட்டைப் போட்டு, ஆண் என்பதைப் பெண் என்று மாற்றச் சொன்னேன், அப்போதும் இறங்கியது. வயதை இருபத்தைந்துக்கு மேலே கொண்டுபோனால் எப்படியிருக்கும் என்று கேட்க எனக்கே மனம் வரவில்லை. அதே பிள்ளை, அதே கார், அதே கைகள்! அவன் எப்படி ஓட்டுகிறான் என்று கேட்பதற்கு மட்டும் அந்தப் படிவத்தில் இடமில்லை. கைப்பேசியில் செயலியொன்றைப் போட்டு அவன் ஓட்டுவதைக் கண்காணிக்க விட்டால் கட்டணத்தில் சிறிய கழிவு கிடைக்கலாம் என்றார். மார்க்கம் வீதியில் எவனோ சமிக்ஞை போடாமல் குறுக்கே விழ, என் பிள்ளை புத்தியாகப் பிரேக்கை அழுத்தினால், அதையும் அந்தச் செயலி அவன் கணக்கிலேயே எழுதிவைக்குமாம்.

இத்தனைக்கும் அரசாங்கம் கேட்ட எல்லாவற்றையும் அவன் செய்திருக்கிறான். பதினாறு வயதில் எழுத்துப் பரீட்சையில் சித்தியடைந்து ஜி1 என்ற பழகுநர் அனுமதிப்பத்திரம் எடுத்தான். நான்காண்டு அனுபவமுள்ள சாரதி அருகில் இல்லாமல் ஓட்டக்கூடாது, 400 வரிசை நெடுஞ்சாலைகளில் ஏறக்கூடாது, நள்ளிரவு முதல் காலை ஐந்து மணிவரை ஓட்டவே கூடாது என்ற விதிகளையெல்லாம் முகஞ்சுளிக்காமல் கடைப்பிடித்தான். இருபது மணிநேர வகுப்பும் பத்து மணிநேரச் சாரதிப் பயிற்சியும் கொண்ட அங்கீகரிக்கப்பட்ட பாடநெறியைக் காசு கட்டிப் படித்து, வீதிப் பரீட்சையிலும் தேறி, தனியாக ஓட்ட அனுமதிக்கும் ஜி2 வாங்கினான். வீதிப் பரீட்சைக்கான பன்னிரண்டு மாதக் காத்திருப்பு எட்டாகக் குறைந்ததுதான் அந்தப் பாடநெறியால் கிடைத்த உருப்படியான பலன். காப்புறுதிக்காரரின் கணக்கில் அதற்குக் கிடைத்த கழிவு, மொத்தத் தொகைக்கு முன்னால் யானைப் பசிக்குச் சோளப்பொரி.

இளம் சாரதிகள் கூடுதலாக விபத்துக்குள்ளாகிறார்கள் என்பது எனக்கும் தெரியும். அனுபவமில்லாதவர் கொஞ்சம் கூடுதலாகக் கட்டுவதில் எனக்கு வழக்குமில்லை. ஆனால் அனுபவம் என்பது ஓட்டி ஓட்டி வருவது. அவன் பிறந்த ஆண்டும், பாலினமும், பெற்றோருக்குக் கட்டுப்படியான வாடகையில் வீடு கிடைத்த பகுதியும் அவன் தெரிந்தெடுத்தவை அல்ல. ஒருவருடைய கடன் வரலாற்றையோ வருமானத்தையோ வைத்து வாகனக் காப்புறுதிக் கட்டணத்தைத் தீர்மானிக்கக்கூடாது என்று தடுத்திருக்கும் எங்கள் ஒன்ராறியோ மாகாணம், அவர் குடியிருக்கும் தெருவை வைத்துத் தீர்மானிக்க அனுமதிப்பது எந்த நியாயத்தில் சேர்த்தி? பக்கத்து நகரமான பிரம்டனிலும் ஸ்காபரோவிலும் வெளிநாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள்தானே பெரும்பாலும் இருக்கிறோம்.

வேண்டாமென்று விட்டுவிடவும் வழியில்லை. காப்புறுதி இல்லாமல் ஓட்டினால் முதல் தடவையே குறைந்தது 5,000 டொலர் தண்டம். அது 25,000 வரை போகலாம். சரி, அவன் ஓட்டவே வேண்டாம் என்றாலும், அனுமதிப்பத்திரம் உள்ளவர் வீட்டில் இருப்பதை நாங்கள் அறிவித்தே ஆகவேண்டும். காப்புறுதியிலிருந்து அவனை விலக்கிவைக்கும் படிவத்தில் கையெழுத்திட்டால், ஓர் அவசரத்துக்கு அவன் காரை எடுத்தாலும் எங்கள் கதி அதோகதிதான். சட்டம் வாங்கச் சொல்கிறது, விற்பவர் தனியார், விலை அவர்கள் கணக்குப்படி. பேருந்தில் போகட்டுமே என்பவர்களுக்கு ஒரு தகவல்: 2023 ஜூலையில் தடம்புரண்ட பிறகு ஸ்காபரோவின் ஆர்ரி என்ற நகர ரயில் திரும்ப ஓடவேயில்லை. பண்டகசாலையில் இரவு வேலை முடித்துவரும் பிள்ளை பேருந்துத் தரிப்பில் எவ்வளவு நேரம் குளிரில் நிற்பான் என்பதை, அந்த அறிவுரை சொல்பவர்கள் ஒருமுறை ஜனவரியில் நின்று பார்க்கட்டும்.

இந்த விலைதான் நேர்மையான மனிதரையும் பொய் சொல்ல வைக்கிறது. கலியாண வீட்டுப் பந்தியில் இலையை எடுக்குமுன் யாராவது ஒருவர், "பீற்றர்பறோவில சித்தப்பா இருக்கிறார்தானே, அவற்ற விலாசத்தைக் குடுங்கோ" என்று சொல்லிவிடுகிறார். விபத்து நடந்தபின் பொய் வெளிப்பட்டால் இழப்பீடு கிடைக்காமல் போகலாம் என்பதை மட்டும் அவர் சொல்வதில்லை.

வேறு வழியே இல்லையென்றால் பொறுத்துப் போகலாம். சஸ்காச்சுவானிலும் மனிற்ரோபாவிலும் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் அடிப்படை வாகனக் காப்புறுதியை அரச நிறுவனங்களே நடத்துகின்றன. அங்கே இளைஞன், அதிலும் ஆண், என்பதற்காக ஒருவரிடம் கூடுதலாகக் கறப்பதில்லை. புதிய சாரதி அங்கும் அனுபவக் குறைவுக்காகக் கூடுதலாகக் கட்டலாம். ஆனால் அது ஓட்டிய ஆண்டுகளுக்கும் செய்த தவறுகளுக்கும் உரிய கணக்கு. ஒன்ராறியோவிலும் அரச காப்புறுதி கொண்டுவருவதாகச் சொல்லி 1990இல் ஆட்சிக்கு வந்த பொப் ரே, மறு ஆண்டே அதைக் கைவிட்டார். 2013இல் அப்போதைய முதல்வர் கத்லீன் வின்னின் அரசு இரண்டு ஆண்டுகளில் கட்டணத்தைச் சராசரியாகப் பதினைந்து வீதம் குறைப்பதாக உறுதியளித்தது; குறித்த காலத்தில் அது நடக்கவில்லை. அஞ்சல் குறியீட்டுப் பாகுபாட்டை ஒழிப்போம் என்ற பேச்சும் அதற்குப் பிறகு சட்டமன்றத்தில் பலமுறை எழுந்து அடங்கிவிட்டது.

இந்தக் கட்டணங்கள் தாமாக முளைப்பவையும் அல்ல. நிறுவனங்கள் மனுப்போட, மாகாணத்தின் நிதிச்சேவை ஒழுங்குமுறை அதிகாரசபை பார்த்து அனுமதித்த பின்னரே அவை எங்கள் தலையில் விழுகின்றன. அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு எங்கள் வாசலுக்கு வருபவர், மனிற்ரோபாவில் முடிந்த காரியம் இங்கே ஏன் முடியவில்லை என்ற கேள்விக்குப் பதிலோடு வரட்டும். "ஆராய்ந்து வருகிறோம்" என்பதை நான் பதிலாக எடுத்துக்கொள்ளப் போவதில்லை.