மூன்று ஓட்டையும் ஒரு நாணயமும்

நேற்று ராத்திரி முகநூலில் அந்தப் போட்டோவைப் பார்த்தவர்களுக்கு நான் எதைப் பற்றி எழுதப்போகிறேன் என்று தெரியும். பார்க்காதவர்கள் பாக்கியவான்கள். நூறு கஜம், மூன்று குண்டு, மூன்று ஓட்டையையும் மூடிக்கொண்டு ஒரு நாணயம். கீழே தீர்ப்பு: "இதுதான் வார்மிண்ட் ரைஃபிள். மற்றதெல்லாம் பழைய இரும்பு." (வார்மிண்ட் ரைஃபிள் என்றால் தொல்லை தரும் சிறு பிராணிகளைத் தூரத்திலிருந்து சுடுகிற துப்பாக்கி.) என்னை டேக் வேறு செய்திருந்தார்கள். பழைய இரும்பு யாருடையது என்று யாருக்கும் சந்தேகம் வந்துவிடக்கூடாது அல்லவா.

சரி. குரூப், அதாவது அட்டையில் ஓட்டைகள் விழுந்த கூட்டம், அழகாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மூன்று ஓட்டையை வைத்து ஒரு துப்பாக்கிக்கு ஜாதகம் எழுத முடியாது. அங்கே இதைத்தான் ஒரே வரியில் எழுதினேன். அதற்கு நாற்பது சிரிப்புப் பொம்மை.

கணக்கு எளிது. ஒரே துப்பாக்கி, ஒரே தோட்டா, ஒரே ஆள். மூன்று குண்டு குரூப் சராசரியாக ஒரு அங்குல அகலம் வருகிறது என்றால், பத்து குண்டு குரூப்பின் சராசரி 1.6 அங்குலத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். துப்பாக்கி கெட்டுப்போகவில்லை, அதன் உண்மையான சிதறல் இப்போதுதான் வெளியே தெரிகிறது. மூன்று மூன்றாகச் சுட்டுக்கொண்டே போனால் ஒரு நாள் மூன்றும் ஒரே ஓட்டையில் விழத்தான் செய்யும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. விழுந்த நாளைப் போட்டோ எடுக்கிறோம், விழாத நாள்களின் அட்டை எல்லாம் குப்பைத் தொட்டிக்குப் போகிறது.

"ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்று ஒருவர் எனக்குப் பாடம் எடுத்தார். ஐயா, பானையில் எல்லாம் ஒரே நெருப்பில் வெந்தது. பேரலில், அதாவது துப்பாக்கிக் குழலில், முதல் குண்டும் பதினைந்தாவது குண்டும் ஒரே சூட்டிலா போகிறது? .22-250 மாதிரி ஒரு தோட்டாவை மூச்சுவிடாமல் பதினைந்து சுட்டுப் பாருங்கள். பேரலைத் தொட முடியாது. அதிலிருந்து எழும் கானல் ஸ்கோப்புக்குள் இலக்கை நெளிய வைக்கும். வார்மிண்ட் ரைஃபிளுக்குக் கனமான பேரல் போடுவதே இதற்காகத்தான். மூன்றே குண்டோடு நிறுத்திவிட்டால் அந்தக் கனத்துக்கு என்ன வேலை?

"துல்லியம் முக்கியமில்லையா அண்ணே?" என்று கேட்பீர்கள். முக்கியம்தான். 300 கஜத்தில் ஒரு எம்.ஓ.ஏ. (சிதறலை அளக்கிற கோண அளவு, ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) என்றால் மூன்று அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே. பிரெய்ரி டாக் என்ற வளை தோண்டும் சிறு பிராணியின் உடம்பே அவ்வளவு அகலம்தான். துப்பாக்கியை மேசையில் வைத்துச் சுடும் போட்டிக்காரர்கள், துல்லியத்துக்காகவே வாழ்கிற பெஞ்ச்ரெஸ்ட் ஆட்களைப் பாருங்கள். லைட் வார்மிண்ட் 10.5 பவுண்டு, ஹெவி வார்மிண்ட் 13.5 பவுண்டு என்று எடைக்கு வரம்பு வைத்து, ஐந்து குண்டு குரூப்பாக ஐந்து முறை சுட்டு, அதன் சராசரியைத்தான் கணக்கில் எடுக்கிறார்கள். அவர்களுக்கே மூன்று போதவில்லை. நமக்குப் போதுமாம்.

கம்பெனிச் சண்டைக்கு நான் வரவில்லை. 1962இல் வந்த ரெமிங்டன் 700 ஆகட்டும், 1958இல் வந்த சாவேஜ் 110 ஆகட்டும், ஒழுங்காகப் பெடிங் செய்து (கட்டையில் அசையாமல் உட்கார வைத்து) அதற்குப் பிடித்த தோட்டாவைக் கொடுத்தால் எல்லாமே சுடும். சாவேஜில் பேரலை இறுக்கிப் பிடிக்கும் பேரல் நட் இருப்பதால் ஹெட்ஸ்பேஸை, அதாவது தோட்டா உட்காரும் இடத்தின் நீளத்தை, சுலபமாகச் சரியாக வைக்கலாம். குறைந்த விலைத் துப்பாக்கி விலை உயர்ந்ததைத் தோற்கடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது, வெட்கப்பட என்ன இருக்கிறது?

நான் கேட்பது வேறு. அந்தத் துப்பாக்கி நாளைக்கும் சுடுமா?

முன்பு என்னிடம் ஒரு .22-250 துப்பாக்கி இருந்தது. பெயர் வேண்டாம். மேசையில் வைத்துச் சுட்டால் அரை அங்குலம், நானும் போட்டோ போட்டவன்தான். அதை நம்பி பிரெய்ரி டாக் சுடப் போனேன். மூன்றாவது குண்டைச் சுட்டுவிட்டு போல்ட்டை இழுக்கிறேன், வெறுங்கையோடு வருகிறது. காலி கேஸ், சுட்ட தோட்டாவின் உறை, பேரலின் பின்பக்கச் சேம்பரிலேயே உட்கார்ந்திருக்கிறது. வாய்ப்பக்கமாக க்ளீனிங் ராடை விட்டு மெல்லத் தட்டினேன். டிங் என்று விழுந்தது. அடுத்த குண்டு, மறுபடி அதே. கேஸைக் கவ்வி வெளியே இழுக்கிற எக்ஸ்ட்ராக்டர் நகத்தின் ஓரத்தில் கடுகளவு சில்லு போயிருந்ததை அப்புறம் லென்ஸ் வைத்துத்தான் கண்டுபிடித்தேன். அன்று காலை முழுக்கச் சுட்டதைவிடத் தட்டியதுதான் அதிகம். இருநூறு கஜத்தில் ஒரு பிரெய்ரி டாக் மேட்டின் மேல் பின்னங்காலில் நிமிர்ந்து நின்று என்னைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தது. அதற்கும் முகநூல் கணக்கு இருந்திருந்தால் சிரிப்புப் பொம்மை போட்டிருக்கும்.

குரூப் அட்டையில் இதற்கெல்லாம் ஓட்டை விழாது. இப்போது என்னிடம் இருக்கும் பழைய இரும்பில் மவுசர் துப்பாக்கியில் இருப்பது போன்ற நீளமான நகம். கேஸின் விளிம்பைக் கவ்வினால் விடாது. (1964இல் வின்செஸ்டர் மாடல் 70இலிருந்து அந்த நகத்தை எடுத்ததற்கு இன்னும் திட்டுகிற ஆட்கள் இருக்கிறார்கள். நானும் ஒருவன்.) பத்து குண்டுக்கு ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே போகும். ஆனால் குளிர்ந்த பேரலின் முதல் குண்டு எங்கே விழும் என்று எனக்குத் தெரியும். பதினொரு வருடமாகத் தெரியும்.

"குண்டு விற்கிற விலையில் பத்துப் பத்தாகச் சுட முடியுமா?" இது நியாயமான கேள்வி, ஒப்புக்கொள்கிறேன். முடியாவிட்டால் சுட வேண்டாம். தீர்ப்பும் சொல்ல வேண்டாம்.

"அண்ணனுக்கு வயிற்றெரிச்சல்" என்று எழுதிய தம்பிக்கு மட்டும் ஒன்று. உன் முதல் துப்பாக்கி மூன்று அங்குலம் சிதறுகிறது, தூக்கி விற்கப்போகிறேன் என்று நீ வந்து நின்ற சாயங்காலம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. துப்பாக்கியைக் கட்டையோடு பிடித்திருக்கும் முன்பக்க ஆக்ஷன் ஸ்க்ரூ தளர்ந்திருந்தது. அவ்வளவுதான். முறுக்கிக் கொடுத்தது யார்? அன்றும் ஒரே அட்டையைப் பார்த்துத்தான் நீ தீர்ப்பு சொன்னாய். அப்போது கெட்டது என்றாய், இப்போது உலகத்திலேயே நல்லது என்கிறாய். அன்று நான் சிரிக்கவில்லை.

அன்று ஸ்க்ரூவை அளவாக முறுக்கிய அந்த டார்க் ரெஞ்ச் இன்னும் உன்னிடம்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ரேஞ்சுக்கு வரும்போது எடுத்து வா. இருபது தோட்டாவும் கொண்டு வா. நாணயம் வேண்டாம்.