பவுடர் வாசனைதான் பிள்ளை வாசனையா?

மகன் பிறந்து 40 நாளுக்குள் எங்கள் வீட்டு அலமாரியில் ஏழு பரிசுப் பெட்டிகள் சேர்ந்துவிட்டன. ஏழிலும் ஒரே சாமான்கள்தான். பவுடர், சோப்பு, எண்ணெய், லோஷன், ஷாம்பு, ஓரத்தில் ஒரு சின்னச் சீப்பு. பிள்ளை பார்க்க வந்தவர்கள் எல்லோருமே ஆசையாக வாங்கி வந்தது. அது சித்திரைக் கடைசி. பாளையங்கோட்டையில் கத்திரி வெயில் ஆரம்பித்திருந்தது. காலையில் குளிப்பாட்டியதும் கழுத்து, கக்கம், தொடையிடுக்கு என்று பவுடரை அள்ளிப் போடுவோம். சாயங்காலம் உடம்பு துடைத்துவிட்டு இன்னொரு முறை. வீடே மணக்கும்.

ஒருநாள் ராத்திரி பால் கொடுக்கும்போது அவன் தலையைத் திருப்ப, கழுத்து மடிப்பு விரிந்தது. உள்ளே பிசைந்த மாவு காய்ந்த மாதிரி வெள்ளையாக ஒரு கோடு. வியர்வையும் கடைவாயில் வழிந்த பாலும் பவுடரும் சேர்ந்து இறுகிக் கிடந்தன. புளித்த வாடை அடித்தது. ஈரப்பஞ்சு வைத்து மெதுவாக ஒற்றினேன். வெள்ளை கரைந்ததும் அடியில் தோல் செக்கச்செவேலென்று உரிந்திருந்தது. அவன் அழுத அழுகை இப்போதும் காதில் இருக்கிறது.

மறுநாள் குழந்தைகள் டாக்டர் பார்த்துவிட்டு, "பவுடர் எதுக்குப் போடுறீங்க?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. "தண்ணி தொட்டுத் துடைச்சு, ஒத்தி எடுத்து, கொஞ்ச நேரம் காத்தாட விடுங்க, போதும்" என்றார். மூன்று நாளில் கழுத்து ஆறிவிட்டது. அந்த 'எதுக்கு' மட்டும் என்னை விடவில்லை. அதன் பிறகு பிள்ளைக்காக எடுக்கிற ஒவ்வொரு பொருளையும் அந்தக் கேள்வியோடுதான் எடுக்கிறேன். இது எதற்கு? யாருக்காக?

பவுடரில் தொடங்குகிறேன். டால்க் என்பது கல். பூமியிலிருந்து வெட்டி எடுத்து மாவாக அரைக்கிற ஒரு கனிமம். அது கிடைக்கிற சுரங்கங்களில் அதை ஒட்டியே புற்றுநோய் உண்டாக்கும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கலாம் என்பதால்தான் இத்தனை ஆண்டுகளாக வழக்குகள் நடக்கின்றன. ஜான்சன் அண்ட் ஜான்சன் 2020-ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் டால்க் பேபி பவுடர் விற்பதை நிறுத்தியது. 2023-ல் உலகம் முழுவதும் நிறுத்திவிட்டு சோளமாவுப் பவுடருக்கு மாறியது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2024-ல் டால்க்கை 'மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்புள்ளவை' என்ற பட்டியலில் சேர்த்தது. சரி, அப்படியானால் சோளமாவுப் பவுடர் போடலாமே என்று தோன்றும். ஆனால் டாக்டர் எனக்குச் சொன்ன காரணத்தில் புற்றுநோய் வரவே இல்லை. டப்பாவைத் தட்டினால் எழுகிற அந்தப் புகை இருக்கிறதே, அது டால்க்காக இருந்தாலும் சோளமாவாக இருந்தாலும் பிள்ளையின் மூக்கு வழியாக நுரையீரலுக்குத்தான் போகிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் குழந்தைகளுக்குப் பவுடரே வேண்டாம் என்று சொல்வதும் இதனால்தான்.

பவுடரை நிறுத்திய பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் பிள்ளையைத் தூக்கி முகர்ந்துவிட்டு, "என்னம்மா, ஒரு பவுடர்கூடப் போடாம வச்சிருக்க?" என்றார்கள். அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. நாம் 'பிள்ளை வாசனை' என்று சொல்வது கம்பெனி கலக்கிய சென்ட் வாசனை. அந்த மணம் பிள்ளைக்குத் தேவைப்படவே இல்லை. தூக்குகிறவர்களின் மூக்குக்குத்தான் அது தேவைப்படுகிறது. தோலில் அரிப்பும் ஒவ்வாமையும் தருகிற பொருட்களில் வாசனைப் பொருள்களுக்கு முக்கியமான இடம் உண்டு. பிறந்த பிள்ளையின் தோல் நம்முடையதைவிட மெல்லியது, ஈரத்தைச் சீக்கிரம் இழந்துவிடும். அதன் மேல் சோப்பில் ஒரு சென்ட், எண்ணெயில் ஒரு சென்ட், லோஷனில் ஒரு சென்ட் என்று நாம் அடுக்குகிறோம்.

இப்போது கடையில் டப்பாவின் முன்பக்கத்தை நான் பார்ப்பதில்லை. திருப்பிப் பின்பக்கம் பார்க்கிறேன். 'பர்ஃப்யூம்', 'ஃபிராக்ரன்ஸ்' என்று இருந்தால் திரும்ப வைத்துவிடுவேன். முன்பக்கத்தில் 'மைல்டு', 'நேச்சுரல்', 'தோல் மருத்துவர்களால் சோதிக்கப்பட்டது' என்றெல்லாம் போட்டிருக்கும். சோதித்து என்ன கண்டார்கள் என்று அதில் இருக்காது. சோப்பு விஷயமும் இதேதான். சாதாரண சோப்புக் கட்டி காரத்தன்மை உள்ளது, தோலோ லேசான அமிலத்தன்மை உள்ளது. தவழாத பிள்ளை மேல் அப்படி என்ன அழுக்கு சேரும்? வாரத்தில் இரண்டு மூன்று நாள் வாசனையில்லாத குளியல் திரவம் கொஞ்சம், மற்ற நாள் வெறும் வெதுவெதுப்பான தண்ணீர். அவன் தோல் இப்போது நன்றாகவே இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு, "அப்படிச் சொல்லு, நம்ம பாட்டி வைத்தியம்தான் சரி" என்று யாராவது எழுதுவீர்கள். அதற்கும் என்னால் தலையாட்ட முடியாது. ஆச்சி செய்ததில் சில எனக்கு உயிர், சிலவற்றை நான் கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தினேன்.

உயிர் என்று சொன்னது எண்ணெய்க் குளியல். ஆச்சிக்கு 78 வயது. முற்றத்தில் மனைப்பலகை போட்டு, காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையை முழங்காலுக்குக் கீழே குப்புறக் கிடத்திக்கொள்வாள். தண்ணீர்ச் சூட்டைப் புறங்கையில் ஊற்றிப் பார்ப்பாள், ஒருமுறைக்கு இரண்டுமுறை. அப்புறம் செக்குத் தேங்காயெண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி, முதுகிலிருந்து குதிகால் வரைக்கும் ஒரே இழுப்பாக நீவுவாள். அவன் கண் சொருகிவிடும். தேங்காயெண்ணெய் பச்சிளம் தோலின் ஈரத்தைக் காக்கிறது என்று டாக்டரும் சொன்னார். பெட்டியில் வந்த பேபி ஆயில் பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து எடுக்கிற மினரல் ஆயிலும் வாசனையும்தான். ஆச்சியின் எண்ணெய்க் கிண்ணம் இருக்கும்போது அது எனக்கு எதற்கு?

ஆனால் குளிப்பாட்டி முடித்ததும் ஆச்சி மூக்கில் ஊதப் போனாள். காதில் இரண்டு சொட்டு எண்ணெய் விடப் போனாள். இரண்டையும் வேண்டாம் என்று தடுத்தேன். மூக்கில் ஊதினால் நம் வாயில் இருக்கிற கிருமி பிள்ளைக்குள் போகும். முகம் சுருங்கினாலும் ஆச்சி கேட்டுக்கொண்டாள்.

பிள்ளை பிறந்த அன்று சேனை தொட்டு வைக்க, அதாவது நாக்கில் முதல் இனிப்பைத் தடவ, தேனோடு ஒருவர் வந்து நின்றார், வீட்டுக்குப் பெரியவர். ஒரு வயது ஆகும்வரை தேன் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமியின் வித்து பிள்ளையின் குடலில் முளைத்து, கை கால் தளர்ந்து மூச்சையே நிறுத்தக்கூடிய நச்சை உண்டாக்கும். வசம்புக்குப் 'பிள்ளை வளர்ப்பான்' என்றே நம் ஊரில் பேர். சுட்டு உரசி நாக்கில் தடவுவார்கள். அதே வசம்பை உணவில் சேர்க்க அமெரிக்காவில் 1968-லேயே தடை போட்டுவிட்டார்கள். கையில் வளையலாகக் கட்டுவதோடு நிறுத்தினால்கூட, பிள்ளை அதையும் வாயில்தான் வைக்கும். கிரைப் வாட்டரும் இந்த வரிசைதான். 1851-ல் இங்கிலாந்தில் தொடங்கிய சரக்கு, அந்தக் காலத்தில் அதில் சாராயமே கலந்திருந்தது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிரத் தண்ணீர்கூட வேண்டாத பிள்ளைக்கு அது எதற்கு?

கண் மைக்குத்தான் பெரிய சண்டை. கடை மையில் ஈயம் இருக்கக்கூடும். ஈயம் வளர்கிற மூளைக்கு எதிரி, அதில் இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஒரு அளவே கிடையாது. வீட்டில் விளக்கு வைத்து எடுத்த மை என்றாலும், விரலால் கண்ணுக்குள் இழுக்கும்போது கிருமியும் சேர்ந்தே போகும். "கண்ணு பெருசா வர வேண்டாமா?" என்றார் அத்தை. கண் அளவு மையால் மாறாது என்று எத்தனை சொல்லியும் அவருக்கு மனம் ஆறவில்லை. திருஷ்டி பயம்தான் அடியில் இருந்தது என்று புரிந்ததும், "உள்ளங்காலில் ஒரு பொட்டு வைங்க அத்தை" என்றேன். தினமும் வைக்கிறார். எனக்கும் அது பிடித்திருக்கிறது.

அடுத்தது டயப்பர். டயப்பர் எனக்காகத்தான், அதைச் சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை. ஆபரேஷன் தையலோடு ராத்திரி ஆறு தடவை எழுந்து ஈரத்துணி மாற்றியவளுக்குத்தான் அந்தத் தூக்கத்தின் விலை தெரியும். தாய் தூங்குவது பிள்ளைக்கும் நல்லதுதான். அந்தக் காலத்தில் எங்களுக்கு ஏது டயப்பர் என்று சொல்கிறவர்களின் வீட்டில் அன்று துணி அலச நாலு பெண்கள் இருந்தார்கள். பகலில் வேட்டித் துணி, ராத்திரிக்கு ஒரு டயப்பர், வெளியூர் போனால் டயப்பர் என்று வைத்துக்கொண்டேன். 'பன்னிரண்டு மணி நேரம் தாங்கும்' என்று விளம்பரம் சொல்வது ஈரத்தைப் பற்றி மட்டுமே. மலம் போனால் அந்த நிமிஷமே மாற்ற வேண்டும், இல்லையென்றாலும் மூன்று நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை. மாற்றுகிற இடைவெளியில் பத்து நிமிஷமாவது வெறும் இடுப்போடு கிடக்கட்டும், பாயை நனைத்தால் நனைக்கட்டும். சிவந்தால் துத்தநாக ஆக்சைடு கலந்த களிம்பு. பெட்டிகளில் வந்த எதையும்விட எனக்கு நிஜமாக உதவியது டாக்டர் எழுதிக்கொடுத்த அந்த ஒன்றுதான். துடைக்கிற ஈரத்தாள் (வைப்ஸ்) வெளியே போகும்போது மட்டும், வீட்டில் பஞ்சும் தண்ணீரும்.

இன்னொரு விஷயம். தயவுசெய்து டயப்பரைத் திறந்தபடி குப்பையில் போடாதீர்கள். மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, சுருட்டி, காகிதத்தில் பொதிந்து தனியாகக் கொடுங்கள். பொதிந்து கொடுக்க வேண்டும் என்று 2016-ன் திடக்கழிவு விதிகளிலேயே சொல்லியிருந்தார்கள். நாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு தூக்கிப் போடுவதை இன்னொருவர் வெறுங்கையால் பிரிக்கிறார். எங்கள் தெருவில் அந்த அக்காவின் பெயர்கூட எத்தனை பேருக்குத் தெரியும்?

பால்புட்டி பற்றியும் கொஞ்சம். டிவியில் பவுடருக்கும் டயப்பருக்கும் விளம்பரம் வருகிறது, பச்சிளம் பிள்ளைக்கான பால் மாவுக்கும் பால்புட்டிக்கும் வருவதில்லை, கவனித்திருக்கிறீர்களா? 1992-ல் இந்தியா அதற்கென்றே சட்டம் போட்டது. சரியாகக் கழுவாத புட்டியும் சுத்தமில்லாத தண்ணீரில் கலக்கிய மாவும் எத்தனையோ பிள்ளைகளை வயிற்றுப்போக்கில் கொண்டுபோனதால் வந்த சட்டம். டாக்டர் சொல்லி மாவுப்பால் கொடுக்கிற தாயை நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன், எனக்கே முதல் நாலு நாள் பால் சரியாகச் சுரக்கவில்லை. அப்போது டாக்டர் சொல்லித்தான் பாலாடையில், அதாவது மூக்கு வைத்த சின்னக் கிண்ணத்தில், கொடுத்தோம். நம் ஊர்ப் பாலாடைக்கு மூலை முடுக்கு கிடையாது, ரப்பர் கிடையாது. கொதிக்கவைத்து எடுத்தால் வேலை முடிந்தது. புட்டி வாங்கும்முன் அதை ஒருதரம் நினைத்துப் பாருங்கள்.

அரசு ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றவர்களுக்கு 2015-லிருந்து ஒரு பெட்டகம் கொடுக்கத் தொடங்கினார்களே, 16 பொருட்களோடு, அதில் எனக்கு மிகவும் பிடித்தது இரண்டு: கொசுவலையும், தாய்க்கான சௌபாக்கிய சுண்டி லேகியமும். எங்கள் வீட்டுக்கு வந்த ஏழு பெட்டியிலும் தாய்க்கென்று ஒரு பொருள்கூட இல்லை.

போன மாதம் சித்தி மகளுக்குப் பெண் பிறந்தது. அப்பாவின் பழைய வேட்டி இரண்டை, துவைத்துத் துவைத்துப் பஞ்சு மாதிரி ஆனவை, வெந்நீரில் அலசி வெயிலில் காயப்போட்டு, துண்டு துண்டாகக் கிழித்து ஓரம் தைத்தேன். பன்னிரண்டு வந்தது. தூக்குவாளியில் பூண்டு நிறையப் போட்ட சுறாப்புட்டு. அவள் இரண்டு கையாலும் நிதானமாகச் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் குட்டி என் மடியில் கிடந்தது. உச்சந்தலையில் மூக்கை வைத்துப் பார்த்தேன். பாலும் தேங்காயெண்ணெயும் மட்டும் மணத்தது.