என்பிஏ கோப்பை வென்றால் பிளேஆஃப் உறுதியா?

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவில், டிசம்பரில் என்பிஏ கோப்பையை வெல்லும் அணிக்கு பிளேஆஃபில் (சீசன் முடிவில் சாம்பியனைத் தீர்மானிக்கும் சுற்றுகள்) நேரடி இடம் உண்டு என்று இங்கே சொல்லப்படுகிறது. அதை வைத்தே சிலர் புது சீசனைக் கணிக்கத் தொடங்கியதால் எழுதுகிறேன்.

அப்படி ஒரு விதி இல்லைங்க. ஜெயித்த அணிக்குக் கோப்பையும் வீரர்களுக்குப் பரிசுப் பணமும் உண்டு, அவ்வளவுதான். இறுதி ஆட்டம் தவிர மற்ற கோப்பை ஆட்டங்களெல்லாம் ஒவ்வொரு அணியும் சீசனில் ஆடும் வழக்கமான 82 ஆட்டங்களில் சேரும். குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம்.

சரிபார்ப்பது சுலபம். என்பிஏ தளத்தில் லேக்கர்ஸ் அணியின் 2023-24 அட்டவணையைத் திறந்து பாருங்கள். 2023 டிசம்பர் 9 அன்று லாஸ் வேகஸில் பேசர்ஸ் அணியை 123-109 என வென்று முதல் கோப்பையைத் தூக்கினார்கள். ஆனாலும் அந்த சீசனை 47 வெற்றி, 35 தோல்வியோடு மேற்குப் பிரிவில் 8-ஆம் இடத்தில்தான் முடித்தார்கள். கூட்டினால் சரியாக 82. அந்த இறுதி ஆட்டம் அதில் இல்லை. ஏப்ரலில் பிளே-இன் (பிளேஆஃபின் கடைசி இடங்களுக்கான தகுதி ஆட்டம்) ஆடி, பெலிக்கன்ஸ் அணியை 110-106 என வென்ற பிறகே பிளேஆஃபுக்குள் நுழைந்தார்கள். கோப்பையால் இடம் உறுதியாகியிருந்தால் அந்த ஆட்டமே தேவைப்பட்டிருக்காது.